தொலைத்தொடர்புப் பிணையக் கருவிகளின் தமிழ்க் கலைச்சொற்கள்: ஒரு திறனாய்வு

முன்னுரை

ஒரு துறையின் கலைச்சொற்கள் அத்துறையின் கருத்துகளுக்குப் பெயர் தருவதோடு அமைவதில்லை. அக்கருத்துகளுக்கு இடையிலான உறவையும் வேறுபாட்டையும் அவை சேர்த்தே உணர்த்துகின்றன. யாப்பிலக்கணத்தில் எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்னும் சொற்கள் தத்தம் பொருளை உணர்த்துவதுடன், ஓர் உறுப்பு மற்றோர் உறுப்பாக வளரும் முறைமையையும் உணர்த்துகின்றன. அசைக்கும் சீருக்கும் ஒரே சொல் வழங்கியிருப்பின் வெண்பாவின் இலக்கணத்தைக் கூறுதல் இயலாது. ஆகவே, கலைச்சொற்களை மதிப்பிடும்போது ஒவ்வொரு சொல்லும் தனித்து நிற்கும் அழகைக் காண்பதோடு, தொகுதியாக நின்று அவை ஆற்றும் பணியையும் காணுதல் வேண்டும்.

இலக்கமுறைத் தொலைத்தொடர்புப் பிணையங்களில் பயன்படும் கருவிகளுக்குத் தமிழில் வழங்கும் சொற்களை இந்நோக்கில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். 1995 ஆகஸ்டு 15 அன்று இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை தொடங்கியது. அதனை ஒட்டிய ஆண்டுகளில் இத்துறைக்கான சொற்கள் பெருமளவில் ஆக்கப்பட்டன. மணவை முஸ்தபாவின் கணினிக் கலைச்சொல் அகராதிகள், 2000-ஆம் ஆண்டில் அமைந்த உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமாகிய உத்தமத்தின் முயற்சிகள், 2001-இல் தொடங்கப்பெற்ற தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தின் (இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம்) கலைச்சொல் தொகுப்புகள், கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களின் தமிழாக்கப் பணிகள், தமிழ் விக்சனரி ஆகியன குறிப்பிடத்தக்கவை. எனவே இன்று சொற்பஞ்சம் இல்லை. ஒரு கருவிக்கு மூன்று சொற்களும், மூன்று கருவிகளுக்கு ஒரு சொல்லும் வழங்கும் நிலையே இன்றைய இடர்ப்பாடாகும்.

முன்னோடி முயற்சிகள்

தமிழில் அறிவியற் சொல்லாக்கம் நெடிய வரலாறு உடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். 1916-இல் சேலத்தில் இராஜாஜி உள்ளிட்டோர் அறிவியற் பரிபாஷைக்கென ஓர் அமைப்பைத் தோற்றுவித்தனர். 1930களில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் துறைவாரியாகக் கலைச்சொற்களைத் தொகுத்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம் - தமிழ்ச் சொற்களஞ்சியம் அ. சிதம்பரநாதன் செட்டியாரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1960களில் வெளிவந்தது. இந்திய அளவில் 1961-இல் அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் நிறுவப்பட்டது.

தொலைத்தொடர்புத் துறையில் முதலில் வேரூன்றிய சொல் ‘தந்தி’ ஆகும். யாழ், வீணை ஆகியவற்றின் நரம்பைக் குறித்த இச்சொல் செய்தி செல்லும் கம்பியைக் குறிக்கத் தொடங்கி, பின்னர் அக்கம்பிவழி வந்த செய்தியையே குறித்தது. 1942-இல் தொடங்கிய நாளிதழ் ஒன்றின் பெயரிலும் அஃது இடம்பெற்றது. 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவை நிறுத்தப்பட்ட பின்னரும் அச்சொல் மறையவில்லை. மக்கள் அறிந்த ஒரு பொருளின் பெயர் புதிய பொருளுக்கு ஆகிவந்தமையே இதன் வெற்றிக்குக் காரணம் எனலாம்.

‘தொலைபேசி’ இரண்டாம் வகையைச் சார்ந்தது. 1882-இல் சென்னை, கல்கத்தா, பம்பாய் நகரங்களில் தொலைபேசிச் சேவை தொடங்கியபோது இச்சொல் வழக்கில் இல்லை. ‘டெலிபோன்’ என்பதே நெடுங்காலம் வழங்கியது. ‘பேசு’ என்னும் வினையடியோடு இகர விகுதி சேர்ந்து கருவிப்பெயர் ஆகும் இவ்வமைப்பு பிற்காலத்தில் ஒலிபெருக்கி, வழங்கி, உலவி, அலைபேசி எனப் பல சொற்களுக்கு வழிகாட்டியது. ஒரு சொல்லின் வெற்றி அஃது ஈன்றெடுக்கும் சொற்களாலும் அளக்கப்படும் என்பதற்கு இது சான்றாகும்.

மூலச்சொற்களின் இயல்பு

கலைச்சொல்லாக்கம் பற்றிய உரையாடல்களில் ஆங்கிலச் சொற்கள் துல்லியமானவை, தமிழ்ச் சொற்களே தெளிவற்றவை என்னும் எண்ணம் மறைமுகமாகத் தொழிற்படுகிறது. மூலச்சொற்களின் வரலாறு இவ்வெண்ணத்திற்குத் துணைநிற்பதில்லை. தொலைத்தொடர்பைக் குறிக்கும் ‘டெலிகம்யூனிகேஷன்’ என்பது 1904-இல் எதுவார் எஸ்தோனியே என்னும் பிரெஞ்சுப் பொறியாளர் கிரேக்க முன்னொட்டையும் இலத்தீன் சொல்லையும் ஒட்டி ஆக்கிய கலப்புச்சொல். ‘மோடம்’ என்பது பண்பேற்றி, பண்பிறக்கி ஆகிய இரண்டையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் தலைகளை வெட்டி இணைத்த குறுக்கம். ‘ஈதர்நெட்’ என்பது 1973-இல், இல்லையென்று இயற்பியல் கைவிட்ட ஈதர் என்னும் ஊடகத்தின் பெயரை உருவகமாகக் கொண்டு இடப்பட்டது.

‘பாக்கெட்’ என்னும் சொல்லின் வரலாறு இவ்வகையில் மிகவும் கருதத்தக்கது. செய்தியைச் சிறு துண்டுகளாக்கி ஒவ்வொன்றையும் தனித்தனியே அனுப்பும் முறையை 1960களில் அமெரிக்காவில் பால் பாரனும் பிரித்தானியாவில் டொனால்டு டேவிசும் தனித்தனியே கண்டனர். பாரன் அத்துண்டைச் செய்திக் கட்டை என்னும் பொருள்படும் தொடரால் குறித்தார். டேவிஸ் ‘பாக்கெட்’ என்னும் சிறுசொல்லைத் தேர்ந்தார். பிற மொழிகளிலும் அதற்கு இணையான சொல் உண்டா என்று மொழியியல் அறிந்தாரிடம் கேட்டறிந்தார். அவர் சொல்லே நிலைத்தது. கடைத்தெருவில் வழங்கிய எளிய சொல் ஒன்று, பெயர்த்தலுக்கு உரிய தன்மையும் கருதப்பட்டு, கலைச்சொல் தகுதி பெற்றது என்பது இதனால் விளங்கும்.

தமிழில் இதற்குப் பொதி, பொட்டலம், சிப்பம் ஆகிய மூன்று வணிகச் சொற்களும் கருதத்தக்கன. சிப்பம் மொத்த வணிகத்தின் மூட்டையைக் குறிப்பது. பொதி விலங்கின் முதுகில் ஏற்றும் சுமையை நினைவூட்டுவது. பொட்டலம் சிறிய அளவில் மடித்துத் தரப்படுவது. அளவு நோக்கின் மூலக் கருத்துக்கு மிக அணிமையானது இதுவே. எனினும் தொகுப்பாளர்கள் பெரும்பாலும் பொதியையே விரும்புகின்றனர். பொட்டலம் மளிகைக்கடையின் சொல் என்னும் தயக்கம் இதற்குக் காரணமாகலாம். டேவிசுக்கு இல்லாத தயக்கம் தமிழ்த் தொகுப்பாளருக்கு ஏன் வேண்டும் என்னும் வினா எழுகிறது. ஆயினும் பொதிக்கு வேறொரு சிறப்பு உண்டு. அது பெயராகவும் வினையாகவும் நிற்கும். ஓர் அடுக்கின் தரவை அடுத்த அடுக்கு தன் தலைப்புச் செய்தியோடு உள்ளடக்கிக் கொள்ளும் செயலைப் ‘பொதிதல்’ என்றே கூறலாம். இவ்வாக்கத்திறன் பொட்டலத்திற்கு இல்லை. எனவே பொதியைத் தேர்வது தக்கதே. அதற்குரிய காரணம் சொல்லின் மதிப்பாக அன்றி அதன் ஆக்கத்திறனாக இருத்தல் வேண்டும்.

கருவிகளின் முறைமையும் சொற்களின் முறைமையும்

பிணையக் கருவிகளை விளக்கும் நூல்கள் பெரும்பாலும் 1984-இல் பன்னாட்டுத் தரநிர்ணய அமைப்பு வெளியிட்ட ஏழடுக்கு மாதிரியை அடிப்படையாகக் கொள்கின்றன. எந்த அடுக்கில் தொழிற்படுகிறது என்பதே ஒரு கருவியை மற்றொன்றிலிருந்து பிரிக்கும் இலக்கணம். ‘ஹப்’ முதலடுக்கைச் சார்ந்தது. ஒரு முனையில் வந்த குறிகையை மற்றெல்லா முனைகளுக்கும் அப்படியே அனுப்பும். முகவரி எதையும் அது படிப்பதில்லை. ‘ஸ்விட்ச்’ இரண்டாம் அடுக்கைச் சார்ந்தது. 48 நுண்மிகளால் ஆன வன்பொருள் முகவரியைப் படித்து, உரிய முனைக்கு மட்டும் சட்டகத்தை அனுப்பும். ‘ரூட்டர்’ மூன்றாம் அடுக்கைச் சார்ந்தது. 32 அல்லது 128 நுண்மிகளால் ஆன இணைய முகவரியைப் படித்து, ஒரு பிணையத்திலிருந்து மற்றொரு பிணையத்திற்குப் பொதியைச் செலுத்தும். ‘கேட்வே’ வெவ்வேறு நெறிமுறைகளைப் பின்பற்றும் பிணையங்களுக்கிடையே நின்று ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தரும்.

ஆக, எதையும் படிக்காமை, அண்மை முகவரியைப் படித்தல், சேய்மை முகவரியைப் படித்தல், மொழிபெயர்த்தல் என நான்கு படிநிலைகள் உள்ளன. தமிழ்ச் சொற்கள் இப்படிநிலைகளைக் காட்டுகின்றனவா என்பதே வினா. ஹப்பிற்குக் குவியம், மையம் என்பனவும், ஸ்விட்சிற்கு நிலைமாற்றி, சொடுக்கி, இணைப்பி, ஆளி என்பனவும், ரூட்டருக்குத் திசைவி, வழிப்படுத்தி, வழிச்செயலி என்பனவும், கேட்வேக்கு வாயில், நுழைவாயில் என்பனவும் வழங்குகின்றன. கருவியில் கம்பி செருகும் முனையாகிய ‘போர்ட்’ என்பதற்குத் துறை என்றும் வாயில் என்றும் இருவகை வழக்கு உண்டு. இணையதளத் திரட்டாகிய ‘போர்ட்டல்’ வலைவாசல் என்றும் நுழைவாயில் என்றும் வழங்குகிறது. இவ்வழக்குகளைக் கலந்து எழுதும் ஒரு பாடநூலில் ‘வாயிலில் உள்ள எட்டு வாயில்கள்’ என்னும் தொடர் தோன்றக்கூடும். தொடரில் இலக்கணப்பிழை இல்லை. பொருள் மட்டும் புலப்படாது.

இக்குழப்பத்தின் ஒருபகுதி மூலமொழியிலிருந்தே வந்தது. இணையத்தின் தொடக்கக்கால ஆவணங்களில் இன்றைய ரூட்டர் ‘கேட்வே’ என்றே குறிக்கப்பட்டது. பின்னரே இரண்டும் பிரிந்தன. ‘ஸ்விட்ச்’ என்பதும் மின்விளக்கின் பொத்தான், தொலைபேசி இணைப்பகத்தின் இணைப்புப் பொறி, கணினிப் பிணையத்தின் சட்டகம் கடத்தும் கருவி என மூன்று பொருளில் வழங்குவது. ஆங்கிலத்தின் வரலாற்று விபத்தாகிய இவ்வொருமையைத் தமிழ் அப்படியே ஏற்கவேண்டும் என்பதில்லை. நிலைமாற்றி என்பது மின்விளக்கின் பொத்தானுக்கும் மின்மப்பெருக்கிக்கும் பொருந்தும். இயக்கம், நிறுத்தம் என்னும் இரு நிலைகள் அங்கு உண்டு. சட்டகம் கடத்தும் கருவியில் அத்தகைய நிலைமாற்றம் எதுவும் மாணவர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. சொடுக்கி என்பதோ சுட்டியைச் சொடுக்கும் செயலையே நினைவூட்டும்.

வேளாண்மை வழக்கிலுள்ள ‘மடைமாற்றி’ இவ்விடத்துக் கருதத்தக்கது. வாய்க்காலில் வரும் நீரை வேண்டிய வயலுக்கு மட்டும் திருப்பிவிட்டு ஏனைய மடைகளை அடைத்தலே மடைமாற்றுதல். உரிய முனைக்கு மட்டும் சட்டகத்தைத் திருப்பும் கருவியின் செயலை அச்சொல் உள்ளவாறே உணர்த்துகிறது. முகவரி தெரியாதபோது எல்லா முனைகளுக்கும் சட்டகத்தை அனுப்புவதை ஆங்கிலத்தில் வெள்ளம் என்னும் பொருள்படும் சொல்லாலேயே குறிப்பர். மடையும் வெள்ளமும் ஒரே சொற்குடும்பத்தில் அமைவதால் கருவியின் இருவகைச் செயலும் ஒருசேர விளங்கும். நிதியையோ கவனத்தையோ வேறுவழியில் திருப்புதல் என்னும் எதிர்மறைப் பொருளில் ‘மடைமாற்றம்’ இதழ்களில் வழங்குவது இதற்கு எதிராகக் கூறத்தக்கது. சூழல் அவ்விரண்டையும் பிரித்துக் காட்டும். கலிப்பாவின் முதலுறுப்பாகிய தரவும் கணினியின் தரவும் இன்று இடர்ப்பாடின்றி வழங்குவதை ஒப்புநோக்கலாம்.

சொல்லமைப்பும் இலக்கணச் சோதனையும்

ஆக்கப்படும் சொல் தமிழின் சொல்லமைப்புக்கு இயைந்ததா, வேண்டிய பொருளையே தருகிறதா என்பன அடுத்த சோதனைகள். ‘ஃபயர்வால்’ என்பதற்கு வழங்கும் ‘தீச்சுவர்’ இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டாகும். கட்டடத்தில் ஓரிடத்துத் தீ மற்றோரிடத்திற்குப் பரவாமல் தடுக்கும் சுவரே மூலப்பொருள். ‘தீயைத் தடுக்கும் சுவர்’ என விரியும்போது அஃது இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகையாகும். ஆனால் மண்சுவர், கற்சுவர் என்னும் தொகைகளுக்குப் பழகிய தமிழர் அதனை ‘தீயால் ஆகிய சுவர்’ என்றே விரிப்பர். தடுக்கவேண்டிய பொருளே தடுக்கும் பொருளாக மாறிவிடுகிறது. ‘தீயரண்’ என்பதும் இவ்வையத்திற்கு இடந்தருவதே. எனினும் அரண் என்னும் சொல் காவற்பொருளை வலியுறுத்துவதால் பிழையுணர்வு குறைகிறது. ‘பிணைய அரண்’ என்று தீயையே விலக்கிக் கூறின் கருத்து முழுமை பெறும். பயனருக்குத் தேவையானது காவல் பற்றிய கருத்தே. ஆங்கில உருவகம் அன்று.

‘திசைவி’ சுருக்கமும் ஒலியினிமையும் உடையது. ஆயினும் கேள்வி, தோல்வி முதலிய சொற்களில் உள்ள விகுதி வினையடியோடு சேர்வது. ‘திசை’ இங்குப் பெயர்ச்சொல். வழக்கு வலிமை பெற்றால் இலக்கணம் அதற்கு இடந்தரும் என்பது உண்மையே. ஆக்கத்திறனை நோக்கும்போது குறை மிகுதியாகிறது. ஒரு பாடநூலுக்குக் கருவியின் பெயர் மட்டும் போதாது. அதன் தொழில், தொழிலுக்குட்பட்ட பொருள், தொழிலுக்குத் துணையாகும் அட்டவணை, தொழிலுக்கான நெறிமுறை ஆகியனவும் வேண்டும். வழிப்படுத்து என்னும் வினையிலிருந்து வழிப்படுத்தி, வழிப்படுத்தல், வழிப்படுத்தப்பட்ட பொதி, வழிப்படுத்தல் அட்டவணை, வழிப்படுத்தல் நெறிமுறை என ஐந்தும் தடையின்றித் தோன்றும். திசைவியிலிருந்து வினை எதுவும் தோன்றுவதில்லை.

இவ்விடத்தில் ‘ஆற்றுப்படுத்தி’ என்னும் சொல் தமிழ்ப் புலமையாளர் நினைவிற்கு வருதல் இயல்பு. ஆறு என்பது வழி. பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவர் எதிர்ப்பட்ட மற்றொருவருக்குத் தாம் அறிந்த வழியைக் கூறுவதே பத்துப்பாட்டின் ஆற்றுப்படை நூல்களின் அமைப்பு. அண்டையிலுள்ள கருவிகள் தாம் அறிந்த வழிகளை ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொள்ளும் வழிப்படுத்தல் நெறிமுறைகளும் இதனை ஒத்தனவே. ஒப்புமை வியக்கத்தக்கது. எனினும் ஆற்றுப்படுத்தல் என்பது உளவளத்துணையைக் குறிக்கும் கலைச்சொல்லாக ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டது. இலக்கியத் தொடர்பின் இனிமைக்காக மற்றொரு துறையின் சொல்லைக் கவர்தல் முறையன்று. வகுப்பறையில் விளக்கம் தரும்போது இவ்வொப்புமையைப் பயன்படுத்துவதோடு அமைதல் தகும்.

‘பிணையம்’ குறித்தும் ஒரு கருத்து உண்டு. ஈடு, பொறுப்பு என்னும் பொருளில் சட்டத்துறையிலும் நிதித்துறையிலும் அச்சொல் பழைய வழக்குடையது. வலையமைப்பு, வலைப்பின்னல் என்பவை அக்குழப்பம் அற்றவை. ஆயினும் இவை நீண்டவை, தொகைச்சொற்களில் சுமையாகின்றன. பிணை என்னும் வினையடி பின்னுதல், கட்டுதல் என்னும் பொருளுடையதாதலால் பிணையம் பொருள்வகையாலும் பொருந்துகிறது. பிணையப் பொறி, பிணைய அடுக்கு, உட்பிணையம் எனத் தொகையாக்கத்திற்கும் எளிதாகிறது.

இலக்கமுறை என்னும் கருத்து

இத்துறையின் அடிப்படைக் கருத்தாகிய ‘டிஜிட்டல்’ என்பதற்கே தமிழில் ஒருமித்த சொல் அமையவில்லை. இலக்கமுறை, எண்முறை, எண்ணிமம், எண்மம், மின்னணு, மின் எனப் பல வழங்குகின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகம் ‘மின்னூலகம்’ எனப்படுகிறது. 2015-இல் தொடங்கிய நடுவணரசுத் திட்டம் ‘டிஜிட்டல் இந்தியா’ என ஒலிபெயர்ப்பாகவே வழங்குகிறது. மின், மின்னணு என்னும் சொற்கள் பொதுவழக்கிற்குப் போதுமானவை. தொலைத்தொடர்புப் பாடத்திற்குப் போதா. பழைய தொலைபேசியும் மின்னால் இயங்கியதே. பழைய வானொலியும் மின்னணுக் கருவியே. அவை இலக்கமுறையைச் சார்ந்தன அல்ல. ‘எண்மம்’ என்பது பதின்மம் என்பதுபோல எட்டை அடியாகக் கொண்ட எண்முறைக்கும் பொருந்துவதால் ஐயம் தருகிறது. இலக்கமுறை இவ்விரு குறையும் அற்றது, இலங்கையிலும் வழக்குடையது.

வேறுபாட்டின் ஆழத்தைச் சுவடி மரபைக் கொண்டு விளக்கலாம். எழுத்தறியாத ஒருவர் ஏட்டின் கீறல்களை அப்படியே பார்த்து வரைந்தால், மூலத்தின் கறையும் பூச்சியரிப்பும் படியிலும் ஏறும். படியின் படியில் அவை பெருகும். எழுத்தறிந்தவர் சிதைந்த எழுத்தையும் இன்னதென்று துணிந்து, புதிய ஏட்டில் தெளிவாக எழுதுவார். ஒப்புமுறைக் குறிகையைப் பெருக்கும் கருவி முன்னவரைப் போன்றது. இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். இலக்கமுறைக் கருவி பின்னவரைப் போன்றது. வந்தது சுழியா ஒன்றா எனத் துணிந்து, புதிய துடிப்பைத் தோற்றுவிக்கும். துணிவு தவறினால் பாடபேதம் உண்டாவதுபோல் இங்கும் பிழை உண்டாகும். ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ‘ரிப்பீட்டர்’ என்னும் சொல் வழங்குவதுண்டு. தமிழில் முன்னதைப் ‘பெருக்கி’ என்றும் பின்னதை ‘மீளாக்கி’ என்றும் பிரித்தால், மூலமொழியினும் தெளிவான வழக்கு அமையும்.

பன்மையும் இவ்வாறே. மனிதக் குரலை நொடிக்கு 8000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 நுண்மிகளாகக் குறித்தால் நொடிக்கு 64,000 நுண்மிகள் ஆகும். இந்தியத் தொலைபேசி அமைப்பு பின்பற்றும் முறையில் இத்தகைய 30 குரல்தடங்களும் ஒருங்கிணைவு, குறிகை ஆகியவற்றுக்கான இரு தடங்களும் சேர்ந்து, நொடிக்கு 20,48,000 நுண்மிகளாக ஒரே இணைப்பில் செல்லும். இப்பணியைச் செய்யும் ‘மல்டிபிளெக்சர்’ என்பதற்குப் பன்மையாக்கி என்பது போன்ற சொற்கள் ஆளப்படும்போது, ஒன்றைப் பலவாக்கும் கருவி எனப் பொருள் தலைகீழாகிறது. பலவற்றை ஒன்றில் சேர்த்தலே செயல்; எனவே ‘பல்சேர்ப்பி’ என்பதும், அதன் எதிர்க்கருவிக்குப் ‘பல்பிரிப்பி’ என்பதும் இணையாக அமைந்து பொருள் விளக்கும்.

மக்கள் வழக்கும் இதழியலும்

அகராதிகளால் இயலாததை இதழியல் செய்துகாட்டியதற்கு ‘அலைக்கற்றை’ சான்றாகும். 2008-ஆம் ஆண்டு உரிமங்கள் தொடர்பாக எழுந்த சர்ச்சை, 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை நீக்கியமை, 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்டோரை விடுவித்தமை ஆகிய செய்திகளை இந்தி, மலையாள இதழ்கள் ‘ஸ்பெக்ட்ரம்’ என்னும் சொல்லாலேயே எழுதின. தமிழிதழ்களில் ‘அலைக்கற்றை’ பரவலாக வழங்கியது. தேநீர்க்கடைப் பேச்சிலும் அச்சொல் நுழைந்தது. இயற்பியலார் நோக்கில் அலைமாலை என்பதே பொருந்தும்; ஏலம் விடப்படுவது அதிர்வெண்களின் இடைவெளியே தவிர, அலைகளின் கட்டு அன்று. இருப்பினும் பிரித்து வழங்கத்தக்க ஒரு பொதுச்செல்வம் என்னும் கருத்தைக் ‘கற்றை’ தெளிவாக உணர்த்தியது. நாட்டின் பொதுச்சொத்து பற்றிய வழக்கினைத் தாய்மொழியில் பேசுவதற்கு ஒரு சொல் கிடைத்தது என்பதே இதன் பயன்.

இதற்கு மாறான நிலை ‘அகண்ட அலைவரிசை’ என்னும் தொடரில் காணப்படுகிறது. அகண்டம் என்னும் வடசொல் கண்டிக்கப்படாதது, பிரிவுபடாதது எனப் பொருள்படும். அகன்ற என்னும் தமிழ்ச் சொல்லோடு ஒலி ஒத்திருப்பதால் அகலத்தைக் குறிப்பதாக மயங்கியது. அகண்ட காவிரி என்னும் வழக்கும் அம்மயக்கத்திற்குத் துணைசெய்தது. அலைவரிசை என்பதோ தொலைக்காட்சித் தடத்தையும் குறிப்பது. ‘பட்டை அகலம்’ பாடநூல்களில் நிலைபெற்றுள்ள நிலையில் ‘அகலப்பட்டை’ என்பதே அதனோடு இயைந்து வரும். இரண்டும் ஒரே கருத்தின் இரு பக்கங்கள் என்பதை மாணவர் சொல்லாலேயே உணர்வர்.

இருநிலத்து வழக்கும் ஒலிபெயர்ப்பும்

தமிழகத்தின் அதிர்வெண் இலங்கையில் மீடிறன்; தமிழகத்தின் இழை அங்கு நார்; அலைபேசி, கைபேசி, செல்பேசி எனத் தமிழகத்திலேயே மூன்றாக வழங்குவது அங்குக் கையடக்கத் தொலைபேசி. இலங்கையில் பள்ளிக்கல்வி நெடுங்காலமாகத் தமிழ்வழியில் அறிவியலைக் கற்பித்து வருவதால், அங்குள்ள சொற்கள் பாடத்தேவையால் சோதிக்கப்பட்டவை. ஸ்விட்சிற்கு அங்கு வழங்கும் ‘ஆளி’ சுருக்கமானது. மின்சுற்று நோக்கில் தமிழகமும் ஏற்கத்தக்கது. சங்க இலக்கியத்தின் ஆளி என்னும் விலங்கோடு அதனை மயங்குவார் இலர். தமிழகத் தொகுப்புகள் இவ்வழக்குகளை உடன்வைத்து ஒப்பிடாமல் புதுச்சொல் ஆக்குவது உழைப்பை வீணாக்குவதோடு இடைவெளியையும் பெருக்குகிறது.

எல்லாவற்றையும் மொழிபெயர்த்தல் வேண்டும் என்பதும் ஏற்கத்தக்கதன்று. ரேடியோ, ரேடார், எலக்ட்ரான் போன்று உலகெங்கும் வழங்கும் சொற்களை ஒலிபெயர்ப்பாகவே கொள்ளலாம் என்பது 1961-இன் ஆணையம் வகுத்த நெறிகளுள் ஒன்று. பிறமொழிச் சொல் தமிழெழுத்தோடு பொருந்தி வருதல் வேண்டும் என்னும் தொல்காப்பிய எச்சவியல் நெறியும் கடன்பேற்றை மறுப்பதன்று, ஒழுங்குபடுத்துவதே. மோடம், ஈதர்நெட் போன்றவற்றை அவ்வாறே கொள்ளுதலால் இழப்பு இல்லை. மோடத்திற்கு வழங்கும் இணக்கி என்னும் சொல் இனியதே. எனினும் பண்பேற்றம், பண்பிறக்கம் என்னும் பாடநூற் சொற்களோடு அதற்குத் தொடர்பு இல்லை. ஆனால் கடன்சொல் தமிழில் நேரே வினையாவதில்லை. களப்பணியாளர் பேச்சில் ‘ரூட் பண்ணு’, ‘கான்ஃபிகர் பண்ணு’ எனத் துணைவினை சேர்ந்தே வருவது இதனால்தான். ஆகவே, பெயரளவில் நிற்கும் கருத்துகளுக்கு ஒலிபெயர்ப்பும், வினையாக விரியும் கருத்துகளுக்குத் தமிழ் வேர்ச்சொல்லும் எனப் பகுத்துக்கொள்வது பயன்தரும்.

பயன்படுவோர் நிலை

இந்தியா இத்துறையில் கருவிகளை வாங்கியதோடு அமையவில்லை, படைத்தும் உள்ளது. 1984-இல் அமைந்த சி-டாட் நிறுவனம் உருவாக்கிய 128 இணைப்புகள் கொண்ட ஊரகத் தானியங்கி இணைப்பகம், குளிர்சாதன வசதியின்றி இயங்கத்தக்கதாய், 1986-இல் கர்நாடகத்தின் கித்தூரில் நிறுவப்பட்டது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் குழுவினர் 1990களில் கார்டெக்ட் என்னும் கம்பியில்லா இணைப்பு முறையை உருவாக்கினர். தமிழ் நிலத்திலேயே பிறந்த இக்கருவியின் உறுப்புகளும் ஆங்கிலத்திலேயே பெயர்பெற்றன. படைப்பிடத்தில் தமிழ் இல்லாதபோது கலைச்சொல் எப்பொழுதும் பின்தொடர்ந்தே வரும். அகராதியில் வாழ்ந்து ஆய்வகத்தில் அறியப்படாது போகும்.

2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் தமிழ்வழியில் பொறியியற் பட்டப்படிப்பைத் தொடங்கியபோது கட்டடவியல், இயந்திரவியல் ஆகிய பிரிவுகளே இடம்பெற்றன. மின்னணுவியலும் தொடர்பியலும் அப்பட்டியலில் இல்லை. மறுபுறம், ஊராட்சிகள்தோறும் கண்ணாடி இழையைக் கொண்டுசெல்லும் பாரத்நெட் திட்டத்தின் கருவிகளைப் பேணுவோர் பட்டதாரிகளாகவே இருப்பர் எனக் கூறவியலாது. தொழிற்பயிற்சி நிலையங்களில் தமிழில் பயின்றோர் அக்கருவியின் முன் நிற்கும்போது, ஏழாம் வாயில் பழுதா, வாயிலே பழுதா என்னும் வேறுபாட்டைச் சொல் அவர்களுக்கு உணர்த்துதல் வேண்டும். கலைச்சொல்லின் தகுதி அங்கேதான் முடிவாகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால், பிணையக் கருவிகளுக்கான தமிழ்ச் சொற்களின் குறைபாடு பெரும்பாலும் தொகுப்பு முறையைச் சார்ந்தது என்பது பெறப்படுகிறது. அகரவரிசையில் ஆங்கிலச் சொல்லை எடுத்து, அதற்கு எதிரே ஒரு தமிழ்ச் சொல்லை வைக்கும் முறையில் ஹப்பும் ரூட்டரும் வெவ்வேறு பக்கங்களில் அமைகின்றன. அவற்றின் உறவு தொகுப்பாளர் கண்ணிற்படுவதில்லை. கருத்துத் தொகுதி அடிப்படையில், ஓர் அடுக்கின் கருவிகள், அவை கையாளும் தரவலகுகள், அவற்றின் தொழில்கள் ஆகியவற்றை ஒருங்கே வைத்துச் சொல்லாக்குதல் வேண்டும். அவ்வாறு நோக்கின் குவியம், மடைமாற்றி, வழிப்படுத்தி, நுழைவாயில் என்னும் நான்கும் ஒரு வரிசையாகவும், முனைக்குத் துறை, தரவலகுகளுக்குச் சட்டகம், பொதி என்பன அதனோடு இயைந்தும் அமையக்கூடும்.

ஒன்றுக்கொன்று வேறுபட்டு நிற்றல், வினையாகவும் தொகையாகவும் விரியும் ஆற்றல், தொகை விரியும்போது எதிர்ப்பொருள் தாராமை, பிறநிலத்துத் தமிழ்வழக்கோடு இயைதல் ஆகிய நான்கும் ஒரு சொல்லை ஏற்பதற்கான அளவுகோல்களாகக் கொள்ளத்தக்கன. தமிழ்த்துறைகள் இப்பணியில் ஆற்றக்கூடிய பங்கு பெரிது. தொகையிலக்கணமும் விகுதிப் புணர்ச்சியும் அறிந்த தமிழாசிரியரும், கருவியைத் திறந்து பழுது நீக்கும் தொழில்வல்லாரும் ஒரே மேசையில் அமர்ந்து, ஒரு பாடநூலை முழுமையாக எழுதி முடிப்பதே அடுத்த பணியாகும். எழுதும் நூலின் தேவையால் பிறக்கும் சொற்கள் ஒன்றோடொன்று முரணாது நிற்கும். முரணுவனவும் எழுதும்போதே வெளிப்பட்டுத் திருத்தம் பெறும்.